சாலையின் கோபம் வீட்டுக்குள் வரலாமா?



வாசலில் வண்டி வந்து நிற்கும் ஓசையைக் கொண்டே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்று கணித்துவிடும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஸ்டாண்டு மெதுவாக இறங்கினால் அத்தா நல்ல மனநிலையில் வந்திருக்கிறார். அதையே காலால் ஓங்கி உதைத்தால், தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பாடப்புத்தகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாடத்தை எந்த ஆசிரியரும் அவர்களுக்கு நடத்தவில்லை. திருமுல்லைவாயிலில் ஓர் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அடுக்களைப் பக்கம் திரும்பி, "அம்மா, அத்தா கோபமா வர்றாங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னதை நாம் நம் காதால் கேட்டோம். அவர் அப்போது வெளிக்கதவைக்கூடத் திறந்திருக்கவில்லை.

அந்த மனிதர் தீயவர் அல்லர். தொழுகையைப் பேணுகிறவர், வட்டி வாசனை படாமல் குடும்பம் நடத்துகிறவர், ஜமாஅத்தில் யாருக்கு மருத்துவமனையில் துணை தேவைப்பட்டாலும் முதலில் கிளம்புகிறவர். அன்று அவருக்கு நேர்ந்தது என்ன என்று பிறகு தெரிந்துகொண்டோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவர் மேற்பார்வையாளராக இருக்கும் பட்டறைக்கு, அளவு சரியில்லை என்று சரக்குத் திரும்பி வந்திருக்கிறது. முதலாளி நான்கு பேர் முன்னிலையில் ஒரு சொல் சொல்லியிருக்கிறார். வரும் வழியில் அரைமணி நேரம் வண்டி நகரவில்லை. முன்னால் சென்ற லாரி சேற்றை வாரி இறைத்திருக்கிறது. அவ்வளவுதான். இவற்றுள் ஒன்றைக்கூடத் துன்பம் என்று சொல்லி யாரிடமும் ஆறுதல் கேட்க முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரு மனிதரை அவருடைய மகளே அஞ்சும்படி மாற்றிவிட்டன.

இந்தச் சிறு தொல்லைகளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறோம். நம் மேடைகளில் பெருந்துயரங்களைப் பற்றிய உரைகள் நிறைய உண்டு. மரணம், கடன், தீராத நோய் ஆகியவற்றில் எப்படிப் பொறுமை காப்பது என்று ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். போக்குவரத்து நெரிசலில் எப்படிப் பொறுமை காப்பது என்று ஜும்ஆவில் ஒரு முறையாவது கேட்டதாக நினைவில்லை.

சென்னையின் மேற்குப் புறநகரில் வாழ்கிறவர்களுக்கு இது சிறிய விஷயம் அன்று. 1964-இல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையும், அதே காலத்தில் எழுந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும், அவற்றைச் சுற்றிப் பெருகிய பட்டறைகளும் ஊர் ஊராக மக்களை இங்கே இழுத்து வந்தன. நம் குடும்பங்களில் பலவும் அப்படி வந்தவைதாம். வேலை பெருகிய வேகத்தில் சாலை அகலவில்லை. பாடியிலிருந்து அம்பத்தூர், திருமுல்லைவாயில் வழியாக ஆவடி செல்லும் சி.டி.எச். சாலையில் மாலை வேளையில் பேருந்து, கண்டெய்னர், ஷேர் ஆட்டோ, பள்ளி வேன் எல்லாம் ஒன்றின் மூச்சை ஒன்று முகர்ந்துகொண்டு நிற்கின்றன. பூந்தமல்லிப் பக்கம் உள்ளவர்களின் கதை வேறு. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை ஏறத்தாழ 26 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட மெட்ரோ பாதைக்காகப் போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி எங்கும் ஆண்டுக்கணக்கில் தடுப்புத் தகரங்களுக்கு நடுவே ஊர்ந்தவர்கள் அவர்கள். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. அலுவலக நேரத்தில் அதைக் கடப்பவரைக் கேட்டால் வேறு ஒரு தூரத்தைச் சொல்வார். மின்சார ரயிலில் போனால் நிம்மதி என்பவர்கள், மாலை ஆறரை மணிக்குப் பட்டரைவாக்கத்தில் ஏறிப் பார்க்கட்டும்.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இதே பகுதிகளில் தெருக்கள் மூழ்கின. மின்சாரம் இல்லாமல் பலர் தவித்தார்கள். அந்த நாட்களில் நாம் எப்படி இருந்தோம் என்று எண்ணிப் பாருங்கள். முழங்கால் நீரில் பால் பாக்கெட் சுமந்து, பெயர் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டினோம். பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்தன. பெரிய தேக்சாக்களில் உணவு வெந்தது. அந்த நெருக்கடியில் நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தோம்? வெள்ளத்தில் புன்னகைத்த அதே மனிதர், வெள்ளம் வடிந்த அடுத்த மாதம் சாதத்தில் கல் இருந்ததற்குத் தட்டைத் தள்ளினார்.

ஏன் இப்படி? பெரிய சோதனை வரும்போது அது அல்லாஹ்விடமிருந்து வருகிறது என்பதை உடனே அடையாளம் காண்கிறோம். சிறிய தொல்லை வரும்போது அது எதிரே வந்த ஷேர் ஆட்டோக்காரரிடமிருந்து வருவதாகவே நினைக்கிறோம். முந்தையதில் நாம் அடியார்கள், பிந்தையதில் வழக்காளிகள். ஒரு முஃமினுக்கு ஏற்படும் களைப்பு, கவலை, மனவருத்தம், காலில் தைக்கும் முள் வரை ஒவ்வொன்றும் அவருடைய பாவங்களுக்குப் பரிகாரமாகிறது என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை (புகாரி) நாம் அனைவரும் அறிவோம். அதில் முள் தனித்துச் சொல்லப்பட்டிருப்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. நாள் தோறும் தைப்பது முள்தானே.

மனம் சோர்வதும் எரிச்சல் வருவதும் ஈமானின் குறை என்று சொல்லி ஒருவரையொருவர் மிரட்டுவதையும் நிறுத்திக்கொள்ளலாம். பயணம் என்பது வேதனையில் ஒரு பங்கு. அது மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுக்கிறது. ஆகவே போன காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்ற பொருளில் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள் (புகாரி). ஒட்டகப் பயணத்தைக் குறித்துச் சொன்னது நமக்கும் பொருந்துகிறது. பயணி களைத்துப் போவார், அவருடைய மனம் கசக்கும் என்பதை மார்க்கம் மறைக்கவில்லை. களைப்போடு எங்கே போக வேண்டும் என்று அது காட்டும் இடம் வீடு. அந்த வீட்டைத்தான் நாம் கோபத்தைக் கொட்டும் இடமாக வைத்திருக்கிறோம்.

நாம் சொல்ல வருவது இதுதான். அந்த உறவினர் முதலாளியிடம் கத்தவில்லை. வேலை போய்விடும். லாரி ஓட்டுநரிடம் கத்தவில்லை. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போக்குவரத்துக் காவலரிடம் கத்தவில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று இடங்களில் விழுங்கப்பட்ட கோபம் நான்காம் இடத்தில், திருப்பிப் பேச முடியாதவர்களின் முன்னால் வெளிவந்தது. அப்படியானால் அந்த மூன்று இடங்களில் அவர் காட்டியது பொறுமையா? திருக்குறளில் வெகுளாமை என்றோர் அதிகாரம் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். கோபம் செல்லுபடியாகிற இடத்தில் அதை அடக்குவதே அடக்கம். செல்லுபடியாகாத இடத்தில் அடங்கியிருப்பதைக் கணக்கில் சேர்ப்பதற்கில்லை என்பது அதன் முதற் குறளின் கருத்து. வலியவரிடம் அடங்கியதற்குக் கூலி கேட்க முடியாது. நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்களிடம் நாம் எப்படி நடந்தோம் என்பதே கேள்வி.

நபித்தோழர் அபூ மஸ்ஊத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை முஸ்லிம் நூலில் காண்கிறோம். தம் அடிமையைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் அவர்களை அழைத்தது. கோபத்தில் அது யாருடைய குரல் என்றே அவர்களுக்கு விளங்கவில்லை. நெருங்கி வந்தபின்தான் அழைத்தவர் நபி (ஸல்) அவர்கள் என்று தெரிந்தது. சாட்டை கையிலிருந்து நழுவியது. இந்த அடிமையின்மீது உனக்கு இருக்கும் ஆற்றலைவிட உன்மீது அல்லாஹ்வுக்கு இருக்கும் ஆற்றல் மிகுதி என்று நினைவூட்டினார்கள் நபியவர்கள். அந்த அடிமையை அபூ மஸ்ஊத் (ரலி) அவர்கள் விடுதலை செய்தார்கள். இதில் நம்மை நடுங்கவைப்பது சாட்டையைவிட அந்தக் குரலே. தம் உயிரினும் மேலாக நேசித்த ஒருவரின் குரலைக்கூடக் கோபம் அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுகிறது. நம் வீட்டில் சாட்டை இல்லை. அறைந்து சாத்தப்படும் கதவு இருக்கிறது. வேகமாக வைக்கப்படும் டம்ளர் இருக்கிறது. மூன்று நாள் பேசாமல் இருக்கும் பேச்சின்மை இருக்கிறது.

மனநிலையை யார் படிக்கிறார்கள் என்பதிலும் ஒரு பாடம் உண்டு. ஆயிஷா (ரலி) அவர்கள் தம்மீது மகிழ்ச்சியாக இருக்கிறார்களா வருத்தமாக இருக்கிறார்களா என்பதை நபி (ஸல்) அவர்கள் அறிந்திருந்தார்கள். மகிழ்ச்சியாக இருந்தால் முஹம்மதின் இறைவன்மீது ஆணையிட்டுப் பேசுவார்கள். வருத்தமாக இருந்தால் இப்ராஹீமின் இறைவன்மீது ஆணையிடுவார்கள் (புகாரி). ஒரு பெயர் மாறுவதைக் கொண்டு மனைவியின் மனத்தை அறிந்த கணவர் அவர்கள். நம் வீடுகளில் இந்த வேலை தலைகீழாக நடக்கிறது. மனைவியும் மக்களும் நம் முகத்தைப் படித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுடைய முகத்தை நாம் கடைசியாக எப்போது படித்தோம்?

இன்னொரு நிகழ்ச்சி. நபியவர்கள் தம் மனைவியரில் ஒருவரின் இல்லத்தில் இருந்தபோது, மற்றொரு மனைவி பணியாளரிடம் உணவு கொடுத்தனுப்பினார். வீட்டிலிருந்தவர் அந்தப் பணியாளரின் கையைத் தட்டிவிட, தட்டு விழுந்து உடைந்தது. விருந்தினரும் உடனிருந்தார்கள். நம்மில் யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் மானம் போயிற்றே என்றுதான் துடித்திருப்போம். நபியவர்கள் உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார்கள். சிதறிய உணவைச் சேர்த்தார்கள். உங்கள் அன்னைக்கு ரோஷம் வந்துவிட்டது என்ற அளவில் விருந்தினரிடம் சொல்லிவிட்டு, உடைத்தவரின் வீட்டிலிருந்து உடையாத தட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தனுப்பினார்கள் (புகாரி). உரிமை கொடுக்கப்பட்டது, நீதியும் செய்யப்பட்டது, குரல் உயரவில்லை.

சரி, நாம் என்ன செய்வது? கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அப்போதும் அடங்காவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்ற வழிகாட்டுதல் அபூதாவூதில் உள்ளது. (வண்டியில் உட்கார்ந்துகொண்டுதானே கோபப்படுகிறோம் என்று ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டார். ஆக்ஸிலேட்டரைப் பிடித்திருக்கும் கை உட்காரவில்லையே, தம்பி!) ஷைத்தானிடமிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுவது புகாரியிலேயே இடம்பெற்றது. உளூச் செய்வதைப் பற்றிய அறிவிப்பின் தொடரில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ் ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அந்த விவாதம் அறிஞர்களுக்கு உரியது. புழுதியும் வியர்வையும் படிந்த முகத்தில் குளிர்ந்த நீர் படும்போது என்ன நிகழ்கிறது என்பதற்கு அறிவிப்பாளர் தொடர் தேவையில்லை.

நேரத்தையும் பாருங்கள். சென்னையில் நவம்பர் மாதக் கடைசியில் ஐந்தே முக்கால் மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. ஜூலையில் ஆறரையைத் தாண்டுகிறது. ஆண்டு முழுவதும் மஃக்ரிப் இந்த நெரிசலுக்குள்ளேயே வந்து விழுகிறது. நெரிசலில் தொழுகை தவறிவிடுகிறதே என்று நொந்துகொள்கிறோம். அதையே வேறு விதமாகவும் பார்க்கலாம்: சாலை மிக மோசமாக இருக்கும் நேரத்தில், அதிலிருந்து இறங்கச் சொல்லி ஓர் அழைப்பு வருகிறது. வழியில் உள்ள பள்ளிவாசலில் வண்டியை நிறுத்தி, உளூச் செய்து, தொழுது, தொழுதபின் பத்து நிமிடம் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினால் வீடு சேர இருபத்தைந்து நிமிடம் தாமதமாகும். வீடு சேரும் மனிதர் வேறொருவராக இருப்பார்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பள்ளிவாசலில் இருபத்தைந்து நிமிடம் என்றால் இருபத்தைந்து நிமிடம்தான். இஷா முடிந்தபின் வாசலில் நின்று அரசியல் பேசி, தேநீர் குடித்து, ஒன்பதரை மணிக்கு வீட்டுக்குப் போவதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது வீட்டிலிருந்து தப்பி ஓடுவது. நாம் அதையும் செய்திருக்கிறோம், எனவே தெரிந்தே சொல்கிறோம்.

அடுத்து நாம் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆண்களுக்கு இந்த இளைப்பாறும் இடைவெளி இருக்கிறது. பெண்களுக்கு எங்கே இருக்கிறது? தொழிற்பேட்டையின் ஏற்றுமதி ஆடை நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நம் சகோதரிகள் வேலை பார்க்கிறார்கள். அதே ரயிலில், அதே நெரிசலில் திரும்புகிறார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள் நேராக அடுப்பின் முன்னால் போய் நிற்கிறார்கள். வீட்டிலேயே இருக்கும் சகோதரிக்கோ, இரண்டு சிறு பிள்ளைகளோடும் லாரித் தண்ணீரோடும் மாமியாரின் மருந்து வேளைகளோடும் போராடிய பகல் முடிவதே இல்லை. அவர் சலித்துக்கொண்டால் உடனே "சப்ர் செய்" என்கிறோம். சப்ர் என்ற இந்த உயர்ந்த சொல்லை நாம் பெரும்பாலும் நமக்குக் கீழே உள்ளவர்களுக்கே பரிந்துரைக்கிறோம். மனைவி முதல் மருமகள் வரை, கடையில் வேலை செய்யும் பையன் வரை எல்லோரும் சப்ர் செய்ய வேண்டும். நமக்கு மட்டும் "இன்னைக்கு மூடு சரியில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும்.

நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்கு ஊழியம் செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் கிளம்பிவிடுவார்கள் என்று விடையளித்தார்கள் (புகாரி). எனவே கணவர் வந்ததும் பிள்ளைகளைக் கையில் வாங்கிக்கொண்டு, மனைவியை இருபது நிமிடம் மாடிக்கோ அறைக்கோ தனியாக அனுப்புவதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆவடியில் இருப்பவர்கள் பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதைக்கு வாரம் ஒரு மாலையாவது அவரை அனுப்பலாம். உடன் போக வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளோடு வீட்டில் இருந்தால் போதும்.

பிறருடைய எரிச்சல் நம்மீது விழும்போது என்ன செய்வது என்பதற்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அடக்கத்தலத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு நபி (ஸல்) அவர்கள் இறையச்சத்தையும் பொறுமையையும் எடுத்துச் சொன்னார்கள். யார் என்று அறியாத அந்தப் பெண், என் துன்பம் உமக்கு வரவில்லையே, விலகிப் போம் என்ற விதமாக எரிந்து விழுந்தார். நபியவர்கள் அவரோடு வாதிடவில்லை. தாம் யார் என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. பின்னர் உண்மை தெரிந்து அவர் ஓடிவந்தபோது வாசலில் காவலர் எவரும் இல்லை. பொறுமை என்பது துன்பம் தாக்கும் முதல் கணத்தில் காட்டுவது என்று மட்டும் விளக்கினார்கள் (புகாரி). ரயிலில் நம் காலை மிதித்துவிட்டு நம்மையே முறைப்பவரும் எதையோ புதைத்துவிட்டு வருகிறவராக இருக்கலாம்.

கோபமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கோபத்துக்கென்றே ஒரு தனி நூற்பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். கோபம் அறவே அற்றுப்போவதை அவர்கள் பாராட்டவில்லை. குழி விழுந்த சாலையும் எரியாத தெருவிளக்கும் நியாயமான கோபத்துக்கு உரியவை. அதைச் சரியான முகவரிக்கு அனுப்ப வேண்டும். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம். 1913 என்ற எண்ணில் புகார் செய்யலாம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. அங்கே கேட்க வேண்டியவர்கள் வேறு. ஜமாஅத் சார்பில் ஒரு மனு எழுதலாம், வார்டு உறுப்பினரைப் பார்க்கலாம். புகார் எண்ணுக்கு ஒரு முறைகூட அழைக்காமல் அதே குழிக்காகப் பத்து இரவு மனைவியிடம் கத்தியவர்களை நாம் அறிவோம்.

கோபத்தில் இருக்கும்போது இரு தரப்பாருக்கு இடையே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நீதிபதிகளுக்கு விதிக்கப்பட்டுள்ளது (புகாரி). மதிப்பெண் அட்டையைக் கையில் வாங்கும் தகப்பனாரும் நீதிபதிதான். களைத்து வந்த இரவில் அதை வாங்கிப் பையில் வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் மதிப்பெண் மாறிவிடாது, தீர்ப்பு மாறும்.

மன்னிப்புக் கேட்பதைப் பற்றியும் ஒரு சொல். ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது தெருத்தெருவாகச் சென்று, பத்தாண்டு பேசாத உறவினர் வீட்டிலும் ஏறி, "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க" என்கிறோம். மிக அழகான வழக்கம். அந்தப் பட்டியலில் எட்டு வயது மகனின் பெயரை யாராவது சேர்த்ததுண்டா? அவனிடம் நேற்றிரவு நாம் நடந்துகொண்ட விதம் தெரிந்தே செய்தது. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையும் என்பது நாமாக நினைத்துக்கொண்டது. அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். சிறுவராக வந்து சேர்ந்தவர்கள். ஒரு முறைகூடத் தம்மிடம் சலிப்பாக 'சீ' என்று சொல்லப்பட்டதில்லை என்று முதிய வயதிலும் நினைவுகூர்ந்தார்கள். வீட்டில் வளரும் சிறுவர்கள் எதை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்வளவும் வந்துபோகும் எரிச்சலைப் பற்றியது. சிலருக்கு அது வந்துபோவதில்லை, தங்கிவிடுகிறது. வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, உணவில் பிடிப்பற்று, தொழுகையில் நின்றாலும் நெஞ்சில் கல் வைத்தாற்போல் இருப்பவரிடம் உளூச் செய்து படுத்துக்கொள் என்று சொல்லி அனுப்புவது கருணையாகாது. திருஷ்டி என்று தாயத்துக் கட்டுவதும், ஈமான் பலவீனம் என்று தள்ளுவதும் நம்மிடையே இன்னும் நடக்கின்றன. கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலையும் உள்ளத்தையும் பேணுவது குறித்து எழுதிய நூலில் கோபம், அச்சம், துயரம், வீண் எண்ணங்களின் ஊசலாட்டம் என்று உள்ளத்தின் நோவுகளைத் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமே தெரியாமல் வரும் துயரம் வேறு என்று பிரித்துக் காட்டி, பின்னதற்கு உடலுக்கும் மருத்துவம் வேண்டும் என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு முஸ்லிம் அறிஞர் வெட்கமின்றி எழுதியதைச் சொல்ல நாம் இன்றும் கூசுகிறோம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே போனார் என்று யாரைப் பற்றியாவது கேள்விப்பட்டால், சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போனதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே பல்கீ சொன்ன இன்னொரு யோசனை நமக்குப் பிடித்தமானது. வீட்டில் அவசரத்துக்கு மருந்து வாங்கி வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கொந்தளிக்கும் நேரத்தில் தேடினால் கிடைக்காது என்கிறார். நம் வீட்டில் அப்படி அமைதியான ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் எல்லோரும் உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வெளியிலிருந்து யார் வந்தாலும் ஸலாம் சொல்ல வேண்டும், பதில் சொல்ல வேண்டும். அதன்பின் பத்து நிமிடம் எந்தக் கேள்வியும் கிடையாது. கேஸ் தீர்ந்தது, வாடகைக்காரர் வந்தார், போன் ஏன் எடுக்கவில்லை என்பவை எல்லாம் பதினொன்றாவது நிமிடத்துக்கு. இதை முதலில் நமக்காகத்தான் கேட்டு வாங்கினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். உழைத்து வருகிறவருக்கான சலுகை என்றே அப்போது நினைத்திருந்தோம்.

சென்ற வாரம் டியூஷனிலிருந்து மகன் வந்தான். மணி எட்டே முக்கால்; முக்கால் மணி நேரம் தாமதம். மழை வேறு. வாசற்படியில் நின்றுகொண்டே ஸலாம் சொன்னான். நம் வாயில் கேள்வி தயாராக இருந்தது, குரலும் உயர்ந்திருந்தது. அவன் ஈரப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பத்து நிமிஷம், அத்தா" என்றான்.

பதில் ஸலாம் மட்டும் சொல்லிவிட்டு, துண்டு எடுத்துவர உள்ளே போனோம்.